சேலத்துப் படங்கள் ஏற்காடு ஏறலாமா? தஞ்சாவூர்ப் பலகை, கேன்வாஸ், கோட்டோவியம்: கட்டுவது, மாட்டுவது, இறக்குவது

#1 அஸ்தம்பட்டி சட்டம்

வணக்கம். சேலத்தில் உள்ள ஒரு சிறு ஓவியச் சேகரிப்பிலிருந்து 24 படைப்புகளை, மே மாதக் கோடை விழாவை ஒட்டி ஏற்காட்டில் 2 மாதம் காட்சிக்கு வைக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. பலாப் பலகையில் செய்த தஞ்சாவூர் ஓவியம் 3. எண்ணெய் வண்ணக் கேன்வாஸ் 6, அக்ரிலிக் கேன்வாஸ் 3. காகிதத்தில் 11: பெரும்பாலும் பேனா மை, கொஞ்சம் நீர்வண்ணம், 2 மட்டும் கரிக்கோல் (சார்கோல்). அதோடு செம்புத் தகட்டுச் சிற்பம் ஒன்று. இடம் ஒரு பழைய காப்பித் தோட்ட பங்களா. கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக் கூரை, பலகை மச்சு. 20க்கு 30 அடியில் இரண்டு அறைகள்.

எதை அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது? எப்படிக் கட்டுவது? அறையில் என்ன ஏற்பாடு வேண்டும்?

#2 ஈரமானி

முதலில் இரண்டு ஊரின் காற்றையும் எண்ணில் பாருங்கள். சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 280 மீட்டர் போல, ஏற்காடு 1,500 மீட்டர். மே மாதப் பகலில் சேலத்தில் 38 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் சாதாரணம். அதே நாள் மாலை மேலே மழை பெய்து மூடுபனி இறங்கினால் 19 டிகிரி, 90 சதவீதம். ஓவியத்துக்குப் பொதுவாகச் சொல்லும் பாதுகாப்பான அளவு 45 முதல் 60. நீங்கள் இந்த வரம்பின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தாண்டுகிறீர்கள். அதுவும் ஒரு மணி நேரத்தில்.

பெட்டிக்குள் நடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 35 டிகிரி, 35 சதவீதக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 14 கிராம் போல நீராவி இருக்கும். 18 டிகிரிக்குக் குளிர்ந்தால் அந்தக் காற்று தாங்கக்கூடியதே 15 கிராம்தான். அதாவது காலி இடம் நிறைய இருக்கும் பெட்டியை மூடி மேலே கொண்டுபோனால், வெளியிலிருந்து ஒரு துளி ஈரம் போகாமலேயே உள்ளே 90 சதவீதம் வந்துவிடும். பெட்டி நிறையக் காகிதம், பருத்தித் துணி, மரம் என ஈரம் உறிஞ்சும் பொருளாக இருந்தால் கதை மாறும். குளிரும்போது அவை காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், ஈரப்பதம் ஏறாது. ஆகவே முதல் விதி: பெட்டியில் வெற்றிடம் வேண்டாம். தெர்மகோலை மட்டும் அடைத்தால் இந்த வேலை நடக்காது, அது ஈரத்தைத் தொடுவதே இல்லை. கசங்காத மையில்லாத தாள், பழைய துவைத்த வேட்டித் துணி அடுக்குங்கள்.

இரண்டாவது: ஏற்றுவதைவிட இறக்குவதுதான் ஆபத்து. 18 டிகிரியில் இருக்கும் கண்ணாடியையும் வண்ணப் பரப்பையும் சேலத்தின் ஈரமான ஜூலைக் காற்றில் உடனே திறந்தால் பனித்துளி கோக்கும். மேலே போனதும் 24 மணி நேரம், கீழே வந்ததும் 24 மணி நேரம், பெட்டியைத் திறக்காமல் அறைக்குள் வைக்க வேண்டும். விழாத் திறப்புக்கு முதல் நாள் மாலை வண்டி வந்து சேர்கிற திட்டமென்றால் அதை இப்போதே மாற்றுங்கள்.

#3 பலகையும் மக்கும்

தஞ்சாவூர்ப் படம் மூன்றும் போகக்கூடாது என்பது என் கட்சி. காரணத்தைச் சொல்கிறேன், தீர்மானம் உங்களுடையது.

பழைய முறையில் பலாப் பலகைமேல் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, அதன்மேல் சுக்கான் பொடியும் பசையும் கலந்து பூசித் தேய்த்து, புடைப்பு வரும் இடத்தில் மக்கு (பொடியும் பசையும் குழைத்த களிம்பு) வைத்து, கல் பதித்து, தங்கத் தகடு ஒட்டியிருப்பார்கள். இதில் மரம் மட்டும்தான் அசையும், மற்றதெல்லாம் அசையாது. பலகை நாரின் நீளவாக்கில் மாறுவதில்லை, குறுக்கே மாறும். 60 செ.மீ. அகலப் பலகை சேலத்து வறட்சியிலிருந்து ஏற்காட்டு ஈரத்துக்கு முழுதாகப் பழகினால் அரை செ.மீ. அளவு விரியும். மக்கு விரியாது.

போதாததற்கு, முன்பக்கம் பூச்சால் மூடியிருக்கிறது, பின்பக்கம் வெறும் மரம். ஈரத்தைப் பின்பக்கம் முதலில் குடித்து உப்பும். படத்தின் முகம் உள்ளே குழியும். சுக்கான் பூச்சு நெருக்குண்டு கூரைபோலத் தூக்கிக்கொள்ளும். சேலம் திரும்பியதும் பின்பக்கம் காய்ந்து சுருங்கி முகம் வெளியே வளையும். தூக்கிய இடமெல்லாம் அப்போது பிளந்து உதிரும். சேதம் கண்ணில் படுவது இரண்டாவது கட்டத்தில்தான், அதனால் "மேலே நல்லாத்தானே இருந்துச்சு" என்று எல்லாரும் சொல்வார்கள். பின்னால் குறுக்குச் சட்டம் ஆணி அடித்திருந்தால் இன்னும் மோசம். மரம் அசைய வழியில்லாமல் நார்வாக்கில் வெடிக்கும்.

இப்போதே ஒரு சோதனை செய்யுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் படத்தின் பரப்போடு ஒட்டியபடி பக்கவாட்டில் பிடியுங்கள். நார்வாக்கில் ஓடும் மெல்லிய மேடு, தகட்டின் ஓரம் தூக்கல், கல்லைச் சுற்றி வட்ட விரிசல் தெரிந்தால் அந்தப் படம் சுவரை விட்டு எங்கேயும் போக வேண்டாம், மாடிக்குக்கூட.

#4 அஸ்தம்பட்டி சட்டம்

@பலகையும் மக்கும் சார், பார்த்தோம். இரண்டில் விரிசல் இருக்கிறது. ஒன்று சுத்தமாக இருக்கிறது. அந்த ஒன்றையாவது கொண்டுபோக வழி உண்டா? விழாவுக்கு வருகிறவர்கள் கேட்பதே அதைத்தான்.

#5 பலகையும் மக்கும்

வழி உண்டு, செலவும் உண்டு. படத்தை அதற்கென்றே ஒரு மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். சேலத்திலேயே மூடி, ஏற்காட்டில் திறக்காமல் மாட்டி, அப்படியே திரும்பிக் கொண்டுவர வேண்டும். முன்னால் கண்ணாடி, ஓரத்தில் அலுமினியத் தகட்டு டேப், பின்னால் அலுமினியமும் பாலிதீனும் ஒட்டிய தாள் போட்ட அட்டை. பிளைவுட்டை உள்ளே பயன்படுத்தாதீர்கள், அதன் பசை விடும் அமில ஆவி மூடிய பெட்டியில் வெளியேற வழியிருக்காது.

உள்ளே சிலிகா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்). கணக்கு ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ. உங்கள் பெட்டி 60க்கு 75 செ.மீ., ஆழம் 8 செ.மீ. என்றால் 36 லிட்டர். 700 முதல் 750 கிராம் போதும். மல் துணிப் பைகளில் தைத்து, பலகையின் பின்னால், மரத்தைத் தொடாமல் வையுங்கள்.

எல்லாரும் சறுக்குகிற இடம் இங்கேதான். கடையில் வாங்கிய காய்ந்த ஜெல்லை அப்படியே போட்டால் அது பெட்டிக்குள் ஈரத்தை 10, 20 சதவீதத்துக்கு இழுத்துவிடும், படம் உள்ளேயே வெடிக்கும். முதலில் ஜெல்லை 50 சதவீதத்துக்குப் பழக்க வேண்டும். அகலத் தட்டில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, ஈரப்பதம் 50 முதல் 55ல் நிற்கும் அறையில் 2, 3 வாரம் விட்டு, தினமும் எடை போடுங்கள். எடை ஏறுவது நின்றால்தான் தயார். நிறம் மாறும் நீல வகை வேண்டாம், அதில் கோபால்ட் உப்பு இருக்கிறது. வெள்ளையே வாங்குங்கள்.

#6 கலர்பெட்டி

கேன்வாஸை எல்லாம் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டிக் குழாயில் போட்டால் வண்டியும் சின்னதாப் போதும், செலவும் மிச்சம். இதுக்கு ஏன் இவ்வளவு பெட்டி?

#7 ஈரமானி

@கலர்பெட்டி வேண்டாம்ங்க. 40, 50 வருட எண்ணெய் வண்ணம் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும், சுருட்டினால் சுருள்வாக்கில் வரிசையாக வெடிக்கும். ஓரத்தில் ஆணி அடித்த மடிப்பு துருப்பிடித்திருந்தால் கழற்றும்போதே கிழியும். அக்ரிலிக் வளையும், ஆனால் மே மாத வெயிலில் அது மெத்தென்று இளகி, தொட்டதோடு ஒட்டிக்கொள்ளும்.

கேன்வாஸுக்கு மேலே இன்னொரு பொறி இருக்கிறது. ஈரத்தில் துணியின் அடிப் பசை இளகி, படம் தொய்ந்து நடுவில் தொப்பை விழும். உடனே ஒருவர் சுத்தியல் எடுத்து மூலை ஆப்புகளைத் தட்டி இறுக்குவார். அங்கே இறுக்கியது சேலத்துக்கு வந்து காய்ந்ததும் மேலும் இறுகி, நான்கு மூலையிலிருந்தும் குறுக்குவாட்டில் வெடிப்பு ஓடும். தொய்ந்தால் தொய்ந்தபடி விடுங்கள். ஆப்பு கழன்று விழாமல் மெல்லிய நூலால் சட்டத்தோடு கட்டுங்கள்; கேன்வாஸுக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவில் விழுந்த ஆப்புதான் பல படங்களில் முன்னால் தெரியும் அந்தப் புரியாத வீக்கம்.

பின்பக்கம் அமிலமற்ற அட்டை திருகி மூடினால் ஈரம் ஏறி இறங்கும் வேகம் பாதியாகக் குறையும், வண்டியில் துணி அதிர்வதும் நிற்கும். இருப்பதிலேயே மலிவான பாதுகாப்பு அதுதான்.

#8 இருபது கொண்டை

வண்டி விஷயம். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. படுக்கப் போட்ட படம் ஒவ்வொரு வளைவிலும் நழுவும். நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். படத்தின் நீளப்பக்கம் வண்டி போகும் திசைக்கு இணையாக, பக்கச் சுவரோடு பெல்ட் போட்டு. அடியில் 5 செ.மீ. பாலிதீன் ஃபோம். முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு, நடுவில் அட்டை.

பபிள் ராப்பின் குமிழ்ப் பக்கம் படத்தைப் பார்க்கக்கூடாது. வெயிலில் வட்ட வட்டமாக அச்சு விழும், துடைத்தாலும் போகாது. சொல்லப்போனால் அக்ரிலிக் மூன்றுக்கும் எதுவுமே பரப்பைத் தொடக்கூடாது: சுற்றிலும் 4 செ.மீ. உயரத்தில் ரீப்பர் சட்டம் அடித்து, அதன்மேல் தாள் போர்த்துங்கள்.

காற்றழுத்தமும் கணக்கில் வரும். 280 மீட்டரிலிருந்து 1,500 மீட்டருக்குப் போனால் வெளி அழுத்தம் 13 சதவீதம் போலக் குறையும். ஏற்காட்டுக் கடைகளில் சிப்ஸ் பாக்கெட் உப்பி நிற்குமே, அதேதான். நான்கு பக்கமும் சூடு வைத்து ஒட்டிய பாலிதீன் உறை உப்பிப் படத்தின்மேல் அழுத்தும். ஒரு பக்கத்தை இரண்டு மடிப்பு மடித்து டேப்பால் லேசாகப் பிடியுங்கள்; ஈரம் சட்டென்று போகாது, அழுத்தம் வெளியேறும். @பலகையும் மக்கும் சொன்ன மூடிய பெட்டிக்கும் இது பொருந்தும், பின் தாளில் கொஞ்சம் தொய்வு விட்டு ஒட்டுங்கள்.

காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். மூடிய வேன் பகல் வெயிலில் நின்றால் உள்ளே 50 டிகிரி தாண்டும். வார இறுதி வேண்டாம். மலைப்பாதையில் மண் சரிந்து மூடியிருந்தால் குப்பனூர் வழி.

#9 கோடும் காகிதமும்

காகிதம் 11ம் போகலாம், சட்டம் சரியாக இருந்தால். இப்போது எப்படி இருக்கிறது என்று ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், பின்னால் பழுப்பு ஹார்டுபோர்டு, மேலே செலோ டேப். மூன்றும் தவறு. ஈரத்தில் காகிதம் அலையாக நெளியும்போது கண்ணாடியைத் தொட்ட இடத்தில் மை ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் அங்கேதான் தொடங்கும்.

பருத்தி அட்டையில் சன்னல் வெட்டிய மவுண்ட், கண்ணாடிக்கும் படத்துக்கும் குறைந்தது 3, 4 மி.மீ. இடைவெளி. படத்தை மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், ஜப்பானியத் தாள் கீலால், கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால் காகிதம் விரிய இடமில்லாமல் உப்பும். ஃபெவிகால் தொடவே வேண்டாம், பிறகு யாராலும் கழற்ற முடியாது. கரிக்கோல் இரண்டுக்கும் அக்ரிலிக் கண்ணாடி போடாதீர்கள். துடைத்ததும் நிலைமின்சாரம் ஏறித் தூளை இழுத்துக்கொள்ளும். சாதாரணக் கண்ணாடியே நல்லது. பயணத்துக்கு மட்டும் கண்ணாடிமேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள், சட்டத்தின்மேல் படாமல். உடைந்தாலும் சில்லு படத்தில் விழாது. அன்றே உரித்துவிட வேண்டும், ஊறிவிட்டால் போகாது.

வெளிச்சம்: காகிதத்துக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கு 200. ஏற்காட்டில் வெயில் உறைக்காது என்பதால் சன்னலைத் திறந்துவைக்கும் ஆசை வரும். 50 லக்ஸில் நாளைக்கு 8 மணி நேரம், 60 நாள் வைத்தால் 24,000 லக்ஸ் மணி. 1,000 லக்ஸ் விழும் சன்னல் ஓரத்தில் அதை 3 நாளில் தொட்டுவிடலாம். கார்பன் கலந்த கறுப்பு மை தாங்கும். அந்தக் காலப் பேனா மை, ஸ்கெட்ச் பேனா மை தாங்காது, கறுப்பு பழுப்பாகும். சன்னலுக்குக் கனத்த திரை, உள்ளே 2,700 முதல் 3,000 கெல்வின் எல்இடி.

#10 கலர்பெட்டி

பூச்சிக்கு? சட்டத்துக்குப் பின்னால் நாலு நாப்தலின் உருண்டை கட்டித் தொங்கவிடலாமா? தைமால் புகை போடலாம்னும் சொல்றாங்க.

#11 கோடும் காகிதமும்

இரண்டும் வேண்டாம். தைமால் ஆவி எண்ணெய் வண்ணத்தையும் வார்னிஷையும் இளக்கும், காகிதத்தைப் பழுப்பாக்கும். நாப்தலின் மூடிய சட்டத்துக்குள் படிகமாகப் படியும். இராமபாணப் பூச்சிக்கு வேண்டியது ஈரமும் மாவுப் பசையும் இருட்டும். ஈரத்தைக் குறைத்து, சட்டத்தின் பின்புற இடுக்கைத் தாள் டேப்பால் மூடினால் பாதி வேலை முடிந்தது. சுவரோரம் ஒட்டுப்பொறி அட்டை வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள், என்ன வருகிறது என்பது அதில் தெரியும்.

பூஞ்சை வந்துவிட்டால் அந்தப் படத்தைப் பாலிதீனில் மூடித் தனி அறைக்குக் கொண்டுபோய், அங்கே திறந்து மின்விசிறிக் காற்று நேரே படாமல் உலர விடுங்கள். காய்ந்த பிறகுதான் மென்தூரிகை, என்95 முகக்கவசத்தோடு. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் காகித நாருக்குள் தேய்த்து இறக்கிவிடுவீர்கள். வெயிலில் காட்டுவது வேண்டவே வேண்டாம்.

#12 ஈரமானி

அறை ஏற்பாடு. கல் பங்களாவில் வெளிச்சுவர் குளிர்ந்திருக்கும், படத்துக்குப் பின்னால் காற்று ஓடாவிட்டால் அங்கே மட்டும் ஈரம் 10, 15 சதவீதம் கூடும். முடிந்தவரை உட்சுவரில் மாட்டுங்கள். வெளிச்சுவர்தான் என்றால் சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க் கட்டை ஒட்டி 2 செ.மீ. இடைவெளி விடுங்கள். கணப்பு அடுப்புக்கு மேல் எதுவும் வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சில் சாதாரண ஆணி நிற்காது, உதிரும். மச்சுக்குக் கீழே ஒரு மரச்சட்டத்தை அடித்து அதிலிருந்து கம்பியில் தொங்கவிடுவது உத்தமம். படத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ.

ஈரம் நீக்கும் இயந்திரம் அறைக்கு ஒன்று, நாளைக்கு 20 லிட்டர் எடுக்கும் வகை, 55ல் நிறுத்துங்கள். வாளியை நம்பாதீர்கள், இரவில் நிறைந்து நின்றுவிடும். குழாய் வைத்து வெளியே விடுங்கள். மழைக்கு மின்சாரம் போகும்; அப்போது கதவு சன்னலை மூடுவதுதான் வழி. கூட்டமும் ஈரம்தான். நனைந்த குடையும் ஸ்வெட்டரும் வாசலிலேயே நிற்கட்டும், ஒரே நேரத்தில் 25 பேருக்கு மேல் விடாதீர்கள்.

மே மாதம் என்பதே எனக்கு உடன்பாடில்லை. மதியத்துக்கு மேல் இடிமழை, ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவக் காற்று. பிப்ரவரி, மார்ச்சில் மேலே ஈரப்பதமும் சேலத்து ஈரப்பதமும் ஓரளவு பக்கத்தில் வரும், பாதி ஏற்பாடு தேவைப்படாது.

#13 உலோகக்காரர்

சிற்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. செம்புக்கு ஈரம் மட்டுமே பெரிய பகையல்ல, கைவியர்வையில் உள்ள உப்புதான். தொட்ட இடம் இரண்டு மாத மூடுபனியில் பச்சை விரல்ரேகையாகும். நைட்ரில் கையுறையோடு தூக்குங்கள். தகட்டு வேலையில் துருத்தி நிற்கும் பகுதியைப் பிடிக்காதீர்கள், பற்றவைத்த இடம் விடும். வெளிறிய பச்சைப் பொடி எங்காவது உதிர்ந்தால் அது செம்பை அரிக்கும் குளோரைடு நோய். அந்த உருப்படி கீழேயே இருக்கட்டும். கிளம்பும் முன் புளி, எலுமிச்சை போட்டுப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், கலைஞர் வைத்த நிறமே போய்விடும்.

#14 கோடும் காகிதமும்

எதைக் காட்டுவது என்ற கேள்விக்கு வருகிறேன். தஞ்சாவூர்ப் படம் இல்லாவிட்டால் கூட்டம் வராது என்ற பயம் தேவையற்றது. 11 காகிதமும் 9 கேன்வாஸுமே ஒரு முழுக் காட்சி. 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளிக்கு 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்தார்; அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் காலத்தில் மாணவர்கள் வரைகோடுகளை மையமாக வைத்து வேலை செய்யத் தொடங்கினார்கள். 1966இல் பணிக்கர் தலைமையில் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் உருவானது. அங்கே பாத்திக் துணி விற்றுத்தான் பலர் ஓவியத்துக்கான காசைத் தேடினார்கள். ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களையும், சிறுபத்திரிகைகளுக்கு அவர் போட்ட படங்களையும் தமிழ் வாசகர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள், பெயர் தெரியாமலேயே. ஓவியர் கே. ராமானுஜத்தின் அடர்ந்த பேனா வேலை இன்னொரு திசை. உங்கள் மை ஓவியங்களை இந்த வரிசையில் அடுக்கி, பக்கத்தில் கேன்வாஸைத் தொங்கவிட்டால், கோடு எப்படி வண்ணத்துக்குள் போனது என்பதை யாரும் விளக்காமலே பார்க்கலாம்.

குறிப்பட்டையில் "இது எதைக் குறிக்கிறது" என்று எழுதாதீர்கள். பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டம் போலவும் எழுத்துப் போலவும் இருப்பதைப் படித்துப் பொருள் காண முயல்பவர்கள் எத்தனையோ பேர். அங்கே படிக்க ஒன்றும் கிடையாது. பெயர், ஆண்டு, பொருள், அளவு, கோடு போட்ட கருவி, இவ்வளவு போதும். எழுத்து 24 புள்ளிக்குக் குறையாமல், தமிழ் மேலே. 50 லக்ஸில் சின்ன எழுத்து கண்ணுக்கு எட்டாது.

#15 பலகையும் மக்கும்

மேலே சொன்னதை ஏற்கிறேன். கூட ஒன்று: மரபு ஓவியம் வேண்டுமென்றால் பக்கத்துத் தர்மபுரியில் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோவில் மண்டபத்து விதானச் சித்திரங்கள் இருக்கின்றன. 1965 வரை சேலம் மாவட்டம்தான் அது. அவற்றின் நல்ல புகைப்படத்தை அச்சிட்டு ஒரு சுவரில் வைத்தால், தஞ்சாவூர்ப் பலகை எதுவும் மலையேறத் தேவையில்லை. உரிய அனுமதியோடு எடுத்த படமாக இருக்கட்டும்.

#16 அஸ்தம்பட்டி சட்டம்

எல்லாருக்கும் நன்றி. இப்போதைய முடிவு: தஞ்சாவூர் 3ம் கீழேயே. தேதியைப் பிப்ரவரிக்கு மாற்றக் கேட்கிறோம். காப்பீடு, நிலைக்குறிப்பு பற்றியும் சொல்லுங்கள். ஈரமானிக் கருவி மூன்று வாங்கியிருக்கிறோம், ஒரே மேசையில் 48, 55, 61 என்று மூன்றும் மூன்று விதமாகக் காட்டுகின்றன.

#17 இருபது கொண்டை

காப்பீடு சுவரிலிருந்து எடுத்த நிமிடம் முதல் மறுபடி அதே சுவரில் மாட்டும் வரை இருக்க வேண்டும். "பயணத்தின்போது" என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்றும்போதும் மாட்டும்போதும் விழுந்தால் காசு வராது, விழுவதே அப்போதுதான். நிலைக்குறிப்பு ஒரு படத்துக்கு ஒரு தாள்: முன், பின், பக்கவாட்டு வெளிச்சம் என 3 புகைப்படம், ஏற்கெனவே உள்ள விரிசல், கறை எல்லாம் இடத்தோடு. அதே தாளில் 4 கையெழுத்து: சேலத்தில் கட்டும்போது, ஏற்காட்டில் திறக்கும்போது, அங்கே மறுபடி கட்டும்போது, சேலத்தில் திறக்கும்போது.

#18 ஈரமானி

கருவியைச் சரிபார்க்க உப்பு போதும். ஒரு சின்ன மூடியில் சமையல் உப்பு, அயோடின் சேர்க்காத கல்லுப்பானால் நல்லது. ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர். உப்பு முழுதாகக் கரைந்துவிடக்கூடாது. அதையும் மூன்று கருவிகளையும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, வெயில் படாத இடத்தில் ஒரு நாள் விடுங்கள். உள்ளே 75 சதவீதம் நிற்கும். 70 காட்டும் கருவிக்கு 5 கூட்டிப் படிக்கவும், வித்தியாசத்தை அதன் முதுகிலேயே எழுதி ஒட்டவும். 10க்கு மேல் பிசகினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். ஏற்காட்டில் ஒன்றை வெளிச்சுவர்ப் படத்தின் பின்னால், ஒன்றை அறையின் நடுவில், ஒன்றை வாசலுக்கு வெளியே வையுங்கள். பிப்ரவரி கிடைத்தாலும் வண்டியைப் பேசுவதற்கு முன்னால் ஒரு வாரம் அங்கே ஓடவிட்டு எண்களை இங்கே போடுங்கள், ஈரம் நீக்கி ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்று அப்போது சொல்லலாம்.